அந்த மூடியைக் கழற்றியது யார்?

பதிவு நீளமாகப் போகும். பொறுமை இருப்பவர்கள் டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள். படித்து முடிக்கும்போது உங்களில் இரண்டு மூன்று பேருக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும். வகுப்பில் என்னிடம் வாங்கியதைவிட இது குறைவாகத்தான் வலிக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு மாணவன் கல்யாணப் பத்திரிகை வைக்க வீட்டுக்கு வந்தான். 2014-ல் பத்தாம் வகுப்பு முடித்தவன். கணக்கில் 91. அப்பா இல்லாத வீடு, அம்மா ஷூ கம்பெனியில் வேலை. அதனால் பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தச்சுப் பட்டறைக்குப் போனான். வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை வைத்த தட்டை இரண்டு கையாலும் நீட்டினான். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு இல்லை.

"என்னப்பா இது? எப்போ?"

"ரெண்டு வருஷம் ஆகப்போகுது சார். சர்க்குலர்ல மாட்டிக்கிச்சு."

"முதலாளி என்ன செஞ்சாரு?"

"ஆஸ்பத்திரி செலவு முழுக்க அவருதான் சார். அப்புறம் கையில இருபதாயிரம் கொடுத்தாரு. நல்ல மனுஷன் சார். இன்னும் அங்கதான் இருக்கேன். என் தப்புதான் சார், கவனமா இருந்திருக்கணும்."

அந்தக் கடைசி வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. என் தப்புதான் சார் என்கிறான்! அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். தயங்கினான், பிறகு "பேரு மட்டும் போடாதீங்க சார்" என்றான். போடவில்லை. பட்டறையின் பெயரையும் போடவில்லை. ஆனால் அந்தப் பட்டறைக்காரரும் என் மாணவர்தான், 1996 செட். இந்தப் பதிவை இப்போது அவரும் படித்துக்கொண்டிருப்பார். நீ நல்ல மனுஷன்தான் அப்பா, உன்னைப் பற்றி அவன் சொன்னதை நான் மறுக்கவில்லை. கடைசிவரை படி.

குற்றவாளிப் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது, அதைச் சொல்லிவிடுகிறேன். 2022-ல் என் வீட்டு வாசக்காலும் கதவுகளும் அந்தப் பட்டறையில்தான் செய்யப்பட்டன. ஆவணி முகூர்த்தத்துக்கு முடிய வேண்டும் என்று நான்கைந்து முறை போய் நின்று அவசரப்படுத்தினேன். மெஷினைப் பார்த்தேன். ரம்பத்தின்மேல் இருக்க வேண்டிய இரும்பு மூடி பெஞ்சுக்கு அடியில் கிடந்தது, அதன்மேல் பெயிண்ட் டப்பா. பார்த்தேன், கொடுத்த டீயைக் குடித்தேன், வீட்டுக்கு வந்துவிட்டேன். முப்பத்து மூன்று வருடம் வட்டத்தின் சுற்றளவு நடத்தியவன், சுற்றுகிற வட்டத்தைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கவில்லை.

பட்டறைப் பழக்கம் இல்லாத உறவினர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். நம் பக்கம் தச்சுப் பட்டறைகளில் இருப்பது பெரும்பாலும் இழைப்பு, அறுப்பு, துளை மூன்றும் சேர்ந்த வார்ப்பிரும்பு மெஷின். மூன்று ஃபேஸ் மோட்டார். மேஜையின் பிளவு வழியாக ரம்பம் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். 30 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ரம்பம் என்று வையுங்கள், சுற்றளவு சுமார் 94 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 2,880 சுற்று என்றால் நொடிக்கு 48 சுற்று. பல்லின் வேகம் நொடிக்கு 45 மீட்டர், மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல். ஆம்பூர் ஸ்டேஷனில் நிற்காமல் ஓடுகிற வந்தே பாரத் நம் ஊரை அந்த வேகத்தில் கடப்பதில்லை. ரயில் வரும்போது தண்டவாளத்தில் கை வைப்பீர்களா? இங்கே வைக்கிறோம், நாள் முழுக்க, அதிலிருந்து நான்கு அங்குலத்தில்.

கை தவறி நேராக ரம்பத்தில் படுவதால்தான் விபத்து என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பல விபத்துகள் அப்படி நடப்பதில்லை. அறுபட்டு வரும் மரம் உள்ளே இருக்கும் முறுக்கால் ரம்பத்துக்குப் பின்னால் மறுபடி சேர்ந்துகொண்டு ரம்பத்தைக் கவ்வும். ரம்பத்தின் பின்பக்கப் பற்கள் கீழிருந்து மேலே வருபவை. அவை அந்தக் கட்டையைத் தூக்கி, பல்லின் வேகத்திலேயே ஆளை நோக்கி எறியும். கட்டை போன பிறகு, அதைத் தள்ளிக்கொண்டிருந்த கை தாங்குவதற்கு ஒன்றும் இல்லாமல் முன்னால் சரியும். அங்கே ரம்பம் இருக்கிறது. இவனுக்கு நடந்தது இதுதான். வேப்பமரச் சட்டம், நடுவில் ஒரு முண்டு. இதில் கவனம் எங்கே வந்தது? கண் இமைப்பதற்குள் முடிந்துபோகிற சமாச்சாரம்.

இதற்கு மருந்து உண்டு, நூறு வருடத்துக்கு மேலாகவே உண்டு. ரம்பத்தின் பின்னால், அதன் நேர்கோட்டில், பிறை வடிவில் நிற்கும் ஓர் எஃகுத் தகடு. பிளவுக் கத்தி என்று சொல்லலாம். கத்தி என்றாலும் அது எதையும் வெட்டாது, அறுபட்ட மரம் மறுபடி சேராமல் நடுவில் நிற்கும், அவ்வளவுதான். ரம்பத்தின்மேல் ஒரு மூடி. கடைசி ஒரு சாணை விரலால் தள்ளாமல் தள்ளுவதற்கு ஒரு தள்ளுகோல். தொழிற்சாலை விதிகளில் மரவேலை எந்திரங்களுக்கென்றே தனி அட்டவணை போட்டு இந்த மூன்றையும் எழுதி வைத்திருக்கிறார்கள். தள்ளுகோலை அந்தப் பட்டறையிலேயே கழிவு மரத்தில் ஐந்து நிமிடத்தில் செய்யலாம். செய்வது தச்சன், மரம் தச்சனிடம், ரம்பம் தச்சனிடம். ஆனாலும் எந்தப் பட்டறையிலும் நான் அதைப் பார்த்ததில்லை.

இந்த ஒரு வாரத்தில் பட்டறை வைத்திருக்கும் பழைய மாணவர்கள் ஏழு பேரிடம் போனில் பேசினேன். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். சொல்லி வைத்தாற்போல் ஒரே பதில்கள்.

"மூடி இருந்தா வேலை ஓடாது சார்." இதில் ஒரு பங்கு உண்மை. பலகையில் பள்ளம் எடுக்கும்போது, மரத்தை முழுக்க அறுக்காத வேலையில், மேல்மூடி இடிக்கும். அப்போது கழற்றித்தான் ஆக வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பள்ளம் எடுப்பது நாளில் எவ்வளவு நேரம்? அதற்குக் கழற்றியதை மாலையில் மாட்டினாயா, அடுத்த ஆயுத பூஜைக்காவது மாட்டினாயா? அன்றைக்கு ஒரு நாள் அந்த மூடியையும் எடுத்துத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துப் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைக்கிறீர்கள். மறுநாள் பழையபடி பெஞ்சுக்கு அடியில்! அது போகட்டும். பிளவுக் கத்தியை ரம்பத்தின் உச்சியைவிட ஒரு நூல் தாழ்வாக வைத்தால் பள்ளம் எடுக்கும்போதுகூடக் கழற்ற வேண்டியதில்லை. அதை ஏன் கழற்றினீர்கள்? கழற்றவில்லை, வாங்கும்போதே அது இல்லை என்றார் ஒருவர். அப்படியானால் லட்சம் கொடுத்து வாங்கியபோது "இது எங்கேப்பா?" என்று கேட்டீர்களா? புது பைக்கில் பக்கக் கண்ணாடி இல்லையென்றால் ஷோரூமில் சண்டை போடுகிறவர்கள்தானே நாம்.

"எனக்கு இருபது வருஷ அனுபவம் சார்." உனக்கு இருக்கிறது. மெஷினில் நிற்பவன் யார்? போன மாதம் வந்த ஒடிசாப் பையன். அவனுக்குத் தமிழ் தெரியாது, உனக்கு அவன் மொழி தெரியாது. உன் அனுபவத்தை எந்த மொழியில் அவன் கைக்கு மாற்றினாய்?

"கவனமா இருந்தா ஒண்ணும் ஆகாது." கரண்ட் போவதும் வருவதும் நம் ஊரில் யாருடைய கவனத்திலும் இல்லை. கரண்ட் போனதும் ரம்பம் நிற்கும். மாட்டிக்கொண்ட கட்டையைக் கையால் எடுக்கப் போவான். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வரும். ஸ்டார்ட்டரில் நோ வோல்ட் காயில் சரியாக வேலை செய்தால் மெஷின் தானாக ஓடாது, பச்சைப் பட்டனை அழுத்தினால்தான் ஓடும். ஆனால் காயில் எரிந்ததும் மாற்றாமல், நேரே மெயின் சுவிட்சில் இணைத்து வைத்திருக்கும் பட்டறைகள் இருக்கின்றன. நான் பேசிய ஏழில் மூன்று பேர் அதை அவர்களாகவே சொன்னார்கள். மோட்டாரை நிறுத்தினாலும் ரம்பம் உடனே நிற்பதில்லை, தன் வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஐரோப்பாவில் 10 நொடிக்குள் நிற்கும்படி பிரேக் வைக்கிறார்கள். இங்கே சுற்றி ஓய்வதற்குள் மரத்தூளைக் கையால் தள்ளுகிறான். மணிக்கட்டில் கோயில் கயிறு வேறு. கயிறு சாமிக்குக் கட்டியது, வேண்டாம் என்று சொல்லவில்லை. மெஷினில் நிற்கும் நேரத்துக்குக் கழற்றி வை, சாமி கோபிக்காது.

இதைவிட மோசமான ஒன்றையும் பார்த்திருக்கிறேன். கல் அறுக்கிற மார்பிள் கட்டரைத் தலைகீழாகப் பலகைக்கு அடியில் போல்ட் போட்டு, பிளேடை மட்டும் மேலே நீட்டி, ரம்ப மேஜை என்கிறார்கள். சுவிட்சை டேப் சுற்றி அழுத்தி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போது கனமான வார்ப்பிரும்பு மெஷின் வாங்கியவனைப் பாராட்டத் தோன்றுகிறது. மேஜை ஆடாது, மோட்டார் திணறாது, அறுப்பும் நேராக வரும். அவ்வளவு செலவு செய்தவன், அதோடு வந்த மூடியை மட்டும் சுமையாக நினைக்கிறானே, அதுதான் எனக்குப் புரியவில்லை.

பையனின் அம்மா ஷூ கம்பெனியில் வேலை செய்கிறார் என்றேன் அல்லவா. அங்கே தோலை அச்சு வைத்து வெட்டும் பிரஸ் உண்டு. உங்களில் பலர் அதில் நின்றிருப்பீர்கள். இரண்டு கையும் இரண்டு பட்டனில் இருந்தால்தான் பிரஸ் இறங்கும். ஒரு கையை எடுத்தால் இறங்காது. அதை வைத்தது முதலாளியின் கருணை என்று நான் நம்பவில்லை. ஜெர்மனியிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் ஆர்டர் கொடுப்பவர்கள் ஆள் அனுப்பிப் பார்க்கிறார்கள், அதனால் இருக்கிறது. ஒரே வீடு, ஒரே டிபன் கேரியர். அம்மாவின் கைக்குக் காவல் இருக்கிறது, ஏனென்றால் அவர் செய்யும் செருப்பை வெள்ளைக்காரன் போடுகிறான். மகன் கைக்கு இல்லை, ஏனென்றால் அவன் செய்யும் கதவை நாம் வாங்குகிறோம்.

செலவு செய்தால் தொழில் அழியும் என்ற பாட்டு நம் ஊருக்குப் புதிதா? பாலாற்றில் கழிவு விடக்கூடாது, சுத்திகரிப்பு நிலையம் வேண்டும் என்றபோதும் இதையேதான் பாடினார்கள். வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: கெடுத்தவன் செலவை ஏற்க வேண்டும், கெடுதல் வருமுன் காக்க வேண்டும். அந்தத் தீர்ப்பை இன்று நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் நம் ஊர்ப் பெயரோடு படிக்கிறார்கள். பாலாறு முழுதாகச் சுத்தமாகவில்லை, அது வேறு வயிற்றெரிச்சல். ஆனால் தோல் தொழில் அழிந்ததா? டேனரிகளுக்குப் பெரிய மர டிரம் செய்து கொடுக்கும் தச்சர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

வேலூர் என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. கொல்லிமலையில் 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், சி.எம்.சி.யில் தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியவர். டாக்டராவதற்கு முன் லண்டனில் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றவர் அவர். கை சரியானவர்களுக்கு இங்கே மரவேலை கற்றுக்கொடுத்தார்கள். உணர்ச்சி இல்லாத கை என்பதால் சின்னக் காயம் என்றாலும் இது எப்படி வந்தது, எந்தக் கருவியால் வந்தது என்று துருவித் துருவிப் பார்த்தார்கள். ஒரு விரலைக் காப்பாற்ற இவ்வளவு பாடுபட்ட ஊர் இது. நல்ல கையோடு வருகிறவனை நாம் மூடியில்லாத ரம்பத்தில் நிறுத்துகிறோம். விபத்து நடந்தால், எப்படி நடந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டு, மறுநாள் அதே மெஷின், அதே மாதிரி.

(இடையில் ஒன்று, தயவுசெய்து மனதில் வையுங்கள். விரல் துண்டானால் அதைத் தூக்கி எறியாதீர்கள், நேரே ஐஸிலும் போடாதீர்கள். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டு நன்றாகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்து ஆளோடு உடனே கொண்டுபோங்கள். இவனுடைய விரல்களை மறுநாள் மரத்தூளோடு கூட்டினார்கள்.)

அமெரிக்காவில் இருக்கும் என் மச்சான் மகன் ஒரு வீடியோ அனுப்பினான். சுற்றுகிற ரம்பத்தில் இறைச்சித் துண்டை வைத்ததும் ரம்பம் சட்டென்று நின்று மேஜைக்குள் இறங்கிவிடுகிறது. சாஸ்டாப் என்று பெயர். ஸ்டீவ் காஸ் என்பவர் 1999-ல் கண்டுபிடித்தது. தோல் பட்டதும் சில மில்லி நொடிகளில் நிற்கும். பெரிய கம்பெனிகள் வேண்டாம் என்றதும் அவரே கம்பெனி தொடங்கி விற்றார். "மாமா, இதை வாங்கச் சொல்லுங்க" என்கிறான். வாங்கினால் நல்லதுதான், ஆனால் விலை நம் பட்டறைக்குக் கட்டாது. நான் கேட்பது ஒரு எஃகுத் தகடு. ரம்பத் தகட்டைவிடக் கொஞ்சம் தடிப்பு, பல் வெட்டும் பாதையைவிடக் கொஞ்சம் மெலிவு. ரம்பத்துக்கு ஒட்டி, ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்து நகரும்படி பொருத்த வேண்டும். நம் ஊர் லேத் பட்டறையில் ஒரு நாள் வேலை.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டம் 21-ம் பிரிவு, ஆபத்தான எந்திர பாகங்களுக்குக் காப்பு வேண்டும் என்றது. ஆனால் மின்சாரத்தில் ஓடும் இடத்தில் 10 பேர் வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை என்று இருந்தது. 2020-ல் நிறைவேற்றிய புதிய தொகுப்பில் அந்த 10-ஐ 20 ஆக்கிவிட்டார்கள். ஆறு பேர் பட்டறைக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வரப்போவதில்லை. ஆறு பேருக்கும் சேர்த்து அறுபது விரல் இருப்பது சட்டத்தின் கண்ணில் படவில்லை.

ஆனால் இழப்பீடு வேறு சட்டம், இவனுடைய விபத்தின்போது இருந்தது 1923-ம் வருடத்தது. அதற்கு 10 பேர் கணக்கு இருக்கவில்லை. கணக்கு வாத்தியார் இல்லையா, போட்டே காட்டுகிறேன். இவனுக்கு விபத்தின்போது வயது 25. மாதம் சுமார் 18,000 சம்பாதித்தான். சட்டம் 15,000 வரைதான் கணக்கில் எடுக்கும். அதில் 60 சதவீதம், 9,000. வயது 25-க்கு அட்டவணையில் உள்ள எண் 216.91. பெருக்கினால் 19,52,190. ஒரு கையில் இரண்டு விரல் போனால் 20 சதவீதம். ஆக 3,90,438 ரூபாய். மருத்துவச் செலவு இதற்கு மேல் தனி. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குப் பாதிச் சம்பளக் கணக்கும் தனி. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி உண்டு, அபராதமும் வரலாம். நல்ல மனுஷன் கொடுத்தது 20,000.

"அவன்தான் மூடியைக் கழற்றினான்னு சொல்லிட்டா?" என்று ஒருவர் போனில் கேட்டார். விவரமான ஆள்! உண்மைதான், கொடுத்திருக்கும் காப்பைத் தொழிலாளி வேண்டுமென்றே கழற்றினான் என்றால், விரல் மாதிரியான காயத்துக்கு முதலாளி பொறுப்பில்லை என்று 3-ம் பிரிவில் ஒரு வழி இருக்கிறது. ஆனால் 2022-லேயே அந்த மூடி பெயிண்ட் டப்பாவுக்கு அடியில் கிடந்ததைப் பார்த்த சாட்சி ஒருவர் இருக்கிறார். பென்ஷன் வாங்குகிறவர், பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். ஏதாவது பேப்பரில் கையெழுத்து வாங்கியிருந்தாலும், இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது 17-ம் பிரிவு.

கோரிக்கை மனுவை விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இவனுக்கு வரும் செப்டம்பர் 19 கடைசி நாள். தாமதத்துக்குக் காரணம் சொல்லலாம் என்றாலும் அந்த நிலைக்கு ஏன் போக வேண்டும்? வேலூர் கோர்ட்டில் பிராக்டிஸ் பண்ணும் 2003 செட் மாணவி நேற்று இரவே "நான் பார்த்துக்கறேன் சார், ஃபீஸ் வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். மனு தயாராகிக்கொண்டிருக்கிறது.

லேத் பட்டறை வைத்திருக்கும் 2001 செட் மாணவனுக்கு: உன்னிடம் கேட்காமலேயே உன்னைச் சேர்த்துவிட்டேன். முதல் பத்து மெஷினுக்குத் தகட்டுச் செலவு என் பென்ஷனில், கூலி உன்னுடையது. மெஷின் வைத்திருப்பவர்கள் ரம்பத்தின் அளவையும் தடிப்பையும் எழுதி எனக்கு அனுப்புங்கள். வீடு கட்டிக்கொண்டிருக்கும் உறவினர்கள் கதவுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் பட்டறைக்குள் ஒருமுறை எட்டிப் பாருங்கள். முகூர்த்தம் நெருங்குகிறது என்று என்னைப் போல் போய் நிற்காதீர்கள்.

1996 செட் தம்பிக்கு. கோர்ட்டுக்குப் போகாமல் நீயே முன்வந்து ஆணையர் முன்னால் அந்தத் தொகையைக் கட்டலாம். மொத்தமாக முடியாது என்றால் வா, பேசுவோம். பையனை வேலையை விட்டு எடுத்தாய் என்று மட்டும் என் காதில் விழக்கூடாது. சனிக்கிழமை காலை 10 மணிக்கு உன் பட்டறைக்கு வருகிறேன். மூடியைத் தேடி எடுத்து வை. டீ வேண்டாம்.